கொலுப் பெட்டியில் தூங்கும் விண்வெளி வீரன்

நவராத்திரி நெருங்கினால் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி, உத்திர வீதி வீடுகளில் பரணிலிருந்து தகரப் பெட்டி இறங்கும். பழைய வேட்டித் துணியைப் பிரித்தால் தசாவதார செட், செட்டியார் பொம்மை, மரப்பாச்சி. 80, 90-களில் பிள்ளைகள் வளர்ந்த வீடு என்றால், ஒற்றைக் கையோடு ஒரு பிளாஸ்டிக் விண்வெளி வீரனும் எட்டிப் பார்ப்பான்!

அந்தத் தலைமுறைக்கு விண்வெளி ஆசை வந்ததில் வியப்பில்லை. 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா விண்ணுக்குப் போனார். பிறகு தூர்தர்ஷனில் ஹீ-மேன் வந்தான். 1998-ல் கேப்டன் வியோம். ஊரிலேயே 'மொட்டை கோபுரம்' என்று அழைக்கப்பட்ட ராஜகோபுரம் 13 நிலைகளோடு 236 அடிக்கு எழும்பி, 1987-ல் கும்பாபிஷேகம் கண்டது. சாரம் கட்டி உயர்ந்த அந்தக் கோபுரம் வாண்டுகளின் கண்ணுக்கு ராக்கெட் ஏவுதளமாகத் தெரிந்திருந்தால் ஆச்சரியமா என்ன?

பொம்மைதான் சுலபத்தில் கிடைக்காது. 80-களின் கடைசியில் ஃபன்ஸ்கூல் நிறுவனம் ஜி.ஐ.ஜோ பொம்மைகளை இந்தியாவிலேயே தயாரிக்கத் தொடங்கியும், நடுத்தரக் குடும்பத்துக்கு அது பிறந்தநாள் பரிசு விலைதான். இல்லையென்றால் சிங்கப்பூரிலிருந்து மாமா வர வேண்டும். ஒரு வீட்டில் ஒரு பொம்மை, தெருவுக்கே விளையாட்டு. பொம்மைக்குச் சொந்தக்காரன்தான் கேப்டன். மற்றவர்கள் தீப்பெட்டியில் ராக்கெட் செய்துகொண்டு வர வேண்டும். அந்த அநியாயத்தை இன்றைக்கும் மறக்காதவர்கள் இருக்கிறார்கள்.

ஜி.ஐ.ஜோவின் இடுப்புக்குள் ஒரு சின்ன ரப்பர் வளையம் உண்டு. உடம்பையும் காலையும் இழுத்துப் பிடிப்பது அதுதான். நாள்பட்டால் இற்றுப்போய் அறுந்துவிடும். வீரன் இரண்டு துண்டு! உடனே மருந்துப் பொட்டலத்தில் சுற்றியிருந்த ரப்பர் பேண்டைப் போட்டு ஆபரேஷன் நடக்கும்.

நவராத்திரியில்தான் பெரிய வழக்கே. வீரனைக் கொலுவில் எங்கே வைப்பது? ''சந்திரனுக்கே போனவன், மேல் படிதான்'' என்பான் பேரன். ''பெருமாள் பக்கத்துல பூட்ஸ் காலோட நிப்பானா? கீழ இறக்குடா!'' என்பார் பாட்டி. கடைசியில் தரையில் போட்ட பார்க்குக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும். மணலைக் குவித்து, சோடா மூடியால் குழி அழுத்தினால் நிலா ரெடி. தாயார் சன்னதியில் ஏழாம் நாள் திருவடி சேவைக்குப் போய்விட்டு வந்து கொலு பார்ப்பவர்கள், சுண்டலோடு நிலாவையும் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைப்பது வழக்கம். மறுநாள் எல்லாமே பெட்டிக்குள். பேரன் அழுதாலும் வீரனும் சேர்ந்தே போவான். ஆனால், பிழைத்ததும் அதனால்தான். தெருவில் ஓடியாடிய பொம்மைகள் சாக்கடையிலும் காயலான் கடையிலும் முடிந்தன. வருஷத்தில் பத்து நாள் மட்டும் வெளிச்சம் பார்த்தவை மிஞ்சின.

ரோபோ நாய் ஜீனோவைத் தமிழர் வீடுகளுக்குள் அழைத்து வந்த சுஜாதா, பாட்டி வீட்டில் வளர்ந்ததும் இதே ஸ்ரீரங்கத்தில்தான். அவர் காலத்தில் பிளாஸ்டிக் வீரன் ஏது? கற்பனைதான் முதலீடு.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. இரண்டு மாதத்தில் வந்த நவராத்திரியில் பல கொலுக்களில் விக்ரம் லேண்டர் இடம்பிடித்தது. இப்போது நிலா செட்டைக் கடையிலேயே வாங்கிவிடலாம்.

பெட்டிகளின் பாடுதான் திண்டாட்டம். ஓட்டு வீடுகள் அடுக்குமாடிகளாகின்றன, பரணே இல்லை. பேரன்கள் வெளிநாட்டில். ஒன்பது படி மூன்று படியாகச் சுருங்க, பொம்மைகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கொடுக்கும் முன் ஒரு வீடியோ கால் போட்டுப் பாருங்கள். மரப்பாச்சியைக் காட்டும்போது சும்மா தலையாட்டுகிற நாற்பது வயதுப் பேரன், திடீரென்று கேட்பான்: ''பாட்டி, போனைக் கொஞ்சம் கீழ காட்டு... அவன் இருக்கானா?''