சுமைதாங்கிக் கல்லும் எமது வீதிகளும்

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகிறவர்கள் கடுகண்ணாவையில் உயர்ந்து நிற்கும் டோசன் கோபுரத்தைப் பார்த்திருப்பார்கள். அந்த வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829ஆம் ஆண்டில் இறந்தார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் அது. இராசகாரிய முறையின் கீழ் கூலியின்றி மலையை வெட்டிய மக்களின் பெயர்கள் அங்கு இல்லை. இதில் நாம் வியப்படைய ஒன்றுமில்லை. கல் நாட்டுகிறவர் யாரோ, அவர் மதிக்கிறவரின் பெயர்தான் கல்லில் ஏறும்.

ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதியோரங்களில் வேறொரு நினைவுக் கல் உண்டு. அதுதான் சுமைதாங்கி. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காகக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் கைகொடுக்காமலே தாமாகச் சுமையை இறக்கி, இளைப்பாறி, மீண்டும் ஏற்றிக்கொள்ள ஏற்ற உயரம். பக்கத்தில் மாடுகள் உடம்பை உரோஞ்சிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல், தண்ணீருக்குக் கேணி அல்லது தொட்டி, நிழலுக்கு ஒரு மரம், சில இடங்களில் மடமும் இருக்கும். பருத்தித்துறையில் தெருவுக்கு மேலாகவே கூரை போட்டு நிற்கும் தெருமூடி மடத்தைக் கண்டவர்களுக்கு, வழிப்போக்கர் மீது எமது முன்னோருக்கு இருந்த கரிசனை விளங்கும்.

வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகவே சுமைதாங்கி பெரும்பாலும் நாட்டப்பட்டது. தன் சுமையை இறக்காமலே போனவளின் ஆன்மா, வழியில் வருகிறவர்கள் சுமையை இறக்கும்போதெல்லாம் ஆறுதல் அடையும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையை ஏற்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் ஒரு சாதாரண குடும்பத்துப் பெண்ணின் மரணத்தை ஊரின் பொது வீதியிலே நிறுத்தி வைத்த செயலை நாம் சிறிதாக எண்ணக்கூடாது. எமது வரலாற்று நூல்களில் அரசர்களும் தளபதிகளும் வருகிறார்கள். பிரசவத்தில் இறந்த தாய்மார் எந்தப் பக்கத்தில் வருகிறார்கள்?

அவர்கள் தொகையோ கொஞ்சமல்ல. 1930ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது 50க்கும் குறைவு. கிராமம் கிராமமாக நடந்து திரிந்த மருத்துவிச்சிமாரும், ஆஸ்பத்திரிகளும், பெண்களின் படிப்பும் சேர்ந்து செய்த மாற்றம் இது. சுமைதாங்கியின் முன் ஒரு பாடசாலைப் பிள்ளையை நிறுத்தி இதைச் சொன்னால், சுகாதார வகுப்பும் சரித்திர வகுப்பும் ஒன்றாகவே முடிந்துவிடும்.

2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்த பின்னர் வடக்கின் வீதிகள் பல அகலிக்கப்பட்டுக் காபட் இடப்பட்டன. நல்ல வீதி எமக்குத் தேவை; நோயாளியை ஏற்றிச் செல்லும் வாகனம் குழியில் விழுந்து எழும்ப வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. ஆனால் வீதி வேலைக்கு வருகிறவருக்குச் சுமைதாங்கி இடையூறாக நிற்கும் மூன்று கற்கள் மட்டுமே. அது என்னவென்று அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். தலைச்சுமை போய் லொறியும் ஓட்டோவும் வந்துவிட்டன. கல்லுக்கு இனி வேலை இல்லை என்று நாங்களே பேசாமல் இருந்தால் இயந்திரக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்?

எனவே கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் தத்தம் ஊரில் எஞ்சியுள்ள கற்களை ஒரு கொப்பியில் பதிய வேண்டும். கல்லில் எழுத்து இருந்தால் பார்த்து எழுத வேண்டும். இல்லையேல், அது யார் நினைவாக நின்றது என்று ஊரின் மூத்தவர்களிடம், முக்கியமாகப் பாட்டிமாரிடம், கேட்க வேண்டும். வீதி அகலிக்கப்படுமாயின், கல்லை உடையாமல் எடுத்து ஐந்தாறு அடி பின்னே நாட்டித் தரும்படி பிரதேச சபைக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். பெரிய செலவில்லை. பாட்டிமாரிடம் கேட்கும் வேலையை மட்டும் அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைக்க முடியாது.