ஆறு பேர் ஓட்டும் ஆகாயக் கப்பல்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், அனஹைம் நகரத்து டிஸ்னிலாண்டுக்குள், 2019ஆம் வருஷம் மே மாதக் கடைசியில் திறக்கப்பட்ட 'ஸ்டார் வார்ஸ்' பகுதியில் நூறு அடிக்கு மேல் நீளமுள்ள ஓர் ஆகாயக் கப்பல் நிற்கிறது. தகடுகள் பெயர்ந்து, புகை படிந்து, பல யுத்தங்களில் அடிபட்ட தோற்றத்தோடு நிற்கும் அந்தக் கப்பலுக்கு 'மிலேனியம் ஃபால்கன்' என்று பெயர். 1977இல் வெளியான முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்திலே அது தோன்றிய நாள் தொட்டு, தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்கள் மனத்தால் ஏறிப் பறந்து வந்த கப்பல் அது. அதே வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் புளோரிடாவிலும் அதன் இரட்டைப் பிறவி ஒன்று எழுந்தது. இந்தக் கப்பலின் பெயரால் நடைபெறும் 'ஸ்மக்லர்ஸ் ரன்' என்னும் சிமுலேட்டர் சவாரியைப் பற்றி, அங்கே போக உத்தேசித்திருக்கும் சிநேகிதர்கள் சிலர் விசாரித்தபடியால், அதில் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பதை இந்த வாரம் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன்.

வேடிக்கை பார்க்கப் போகிறோம் என்ற நினைப்போடு இதில் ஏறுகிறவர்கள் பாதி அனுபவத்தை வாசலிலேயே விட்டுவிட்டு ஏறுகிறார்கள். ராட்டினத்திலும் ரோலர் கோஸ்டரிலும் உட்கார்ந்தவருக்குக் காரியம் ஒன்றும் கிடையாது. யந்திரம் தூக்கும், இறக்கும், உலுக்கும். அவர் கம்பியைப் பற்றிக்கொண்டு கூச்சலிட்டால் போதும். இங்கேயோ ஏறுகிற ஆறு பேரும் பிரயாணிகள் அல்லர், கப்பலின் சிப்பந்திகள். இருவர் மாலுமிகள், இருவர் பீரங்கிக்காரர்கள், இருவர் எஞ்சினீயர்கள். அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்தால் கப்பல் மலைகளுக்கிடையே வழுக்கிக்கொண்டு போகிறது. செய்யாவிட்டால் பாறையிலும் சுவரிலும் மோதி மோதிப் போகிறது. எப்படியும் அது ஊர் திரும்பிவிடும் என்பது உண்மையே. ஆனால் எந்தக் கோலத்தில் திரும்புகிறது என்பது அந்த ஆறு பேரின் கையில் இருக்கிறது.

மனிதரை ஓர் அறைக்குள் உட்கார வைத்து, அந்த அறையைக் கப்பல் என்றும் ஜன்னலுக்கு வெளியே தெரிவதை ஆகாயம் என்றும் நம்பச் செய்யும் வித்தை, பலர் நினைப்பதைக் காட்டிலும் பழையது. ஹெச். ஜி. வெல்ஸின் கால யந்திர நாவல் வெளிவந்த 1895ஆம் வருஷத்திலேயே, ராபர்ட் பால் என்ற லண்டன் கருவி நிபுணர், ஆடும் மேடையில் ஜனங்களை உட்கார்த்தி, காற்றை வீசி, திரையிலே காட்சிகளை ஓட்டி, காலத்தினூடே அவர்களைப் பிரயாணம் செய்விக்கும் ஒரு ஏற்பாட்டுக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார், அது கட்டப்படவில்லை. ஆறு வருஷங்களுக்குப் பிறகு, 1901இல், அமெரிக்காவின் பஃபலோ நகரத்துப் பொருட்காட்சியில் பிரெடரிக் தாம்ப்ஸன் என்பவர் 'சந்திரனுக்கு ஒரு பிரயாணம்' என்ற காட்சியை நடத்தினார். இறக்கை அடித்துக்கொள்ளும் 'லூனா' என்ற ஆகாயக் கப்பலில் ஏறி அமர்ந்தவர்கள் பூமி சுருங்கிக் கீழே போவதையும் சந்திரன் பெருத்து அருகே வருவதையும் கண்டார்கள். இறங்கியபோது சந்திர வாசிகளாக வேஷமிட்டவர்கள் அவர்களுக்குப் பச்சை நிறப் பாலாடைக் கட்டி கொடுத்து உபசரித்தார்கள். இரண்டு வருஷத்தில் அந்தக் கப்பல் நியூயார்க்கின் கோனி தீவில் திறக்கப்பட்ட லூனா பார்க்கின் பெருமைக்குரிய காட்சியாயிற்று.

இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்தவர் எட்வின் லிங்க். நியூயார்க் மாகாணத்துப் பிங்ஹாம்டன் ஊரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலைக்காரரின் மகன் அவர். பறக்கக் கற்றுக்கொள்ள ஆகும் செலவு அவரை உறுத்தியது. ஆர்கன் வாத்தியத்துக்குக் காற்றூட்டும் துருத்திகளையும் வால்வுகளையும் பற்றித் தமக்கு இருந்த பரிச்சயத்தை அவர் வேறொரு காரியத்துக்குத் திருப்பி, துருத்திகளின் மேல் ஒரு சிறு விமானக் கூட்டை ஏற்றி, உள்ளே இருப்பவர் பிடியை அசைத்தால் கூடு அதற்கேற்பச் சாய்ந்து திரும்பும்படியாக, 1929இல் ஒரு பயிற்சி யந்திரத்தைச் சிருஷ்டித்தார். விமானப் பள்ளிக்கூடங்கள் அதைச் சீந்தவில்லை. ஆரம்ப காலத்தில் வாங்கியவர்கள் கேளிக்கைப் பூங்காக்காரர்களே. 1934இல் அமெரிக்க ராணுவ விமானப் படை தபால் போக்குவரத்தை ஏற்றுக்கொண்டு, மோசமான வானிலையில் கருவிகளை நம்பிப் பறக்கத் தெரியாத விமானிகளைப் பலி கொடுத்த பின்னரே, ராணுவத்தார் அவரிடமிருந்து ஆறு யந்திரங்கள் வாங்கினார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் லட்சக்கணக்கான விமானிகள் அந்தப் பெட்டிக்குள் அமர்ந்து, மேகத்துக்குள் பறக்கும் வித்தையைத் தரையிலிருந்தே கற்றார்கள். ஆக, கேளிக்கைப் பூங்காவின் சிமுலேட்டர் யுத்தப் பள்ளிக்கூடத்திலிருந்து கடன் வாங்கிய விளையாட்டு என்று நாம் எண்ணுவது தலைகீழ். பூங்காவில் தவழ்ந்த குழந்தைதான் வளர்ந்து படையில் சேர்ந்தது. பின்னர், 1987 ஜனவரியில் டிஸ்னிலாண்ட் 'ஸ்டார் டூர்ஸ்' சவாரியைத் திறந்தபோது, விமானிகளைப் பழக்கும் பிரிட்டிஷ் சிமுலேட்டர் யந்திரத்தின் மேல் நாற்பது பேர் அமரும் அறையைக் கட்டினார்கள். அதிலும் பிரயாணிகளுக்கு வேலை இல்லை. திரைப்படம் ஒன்றே, அறை அதன்படி ஆடியது.

ஃபால்கனில் புதுமை அங்கேதான் தொடங்குகிறது. வரிசையில் நிற்பதையே கதையின் முதல் அத்தியாயமாக்கியிருக்கிறார்கள். கப்பலைச் சுற்றி வளைந்து, படியேறி, மேலிருந்து அதன் பிரும்மாண்டமான முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தால், ஹோண்டோ ஒனாகா என்ற ஆகாயக் கொள்ளைக்காரர் ஒருவரின் அறைக்கு வந்து சேர்கிறோம். 'குளோன் வார்ஸ்' கார்ட்டூன் தொடரில் பிறந்த பாத்திரம் அவர். இங்கே ஆள் உயரத்துக்குப் பொம்மையாக நின்று, கை வீசி, தலை சாய்த்து, ஃபால்கனின் துணை மாலுமியான சூபாக்காவிடமிருந்து கப்பலை இரவல் வாங்கியிருப்பதாகவும், கொரெலியா என்ற கிரகத்தில் ஓடும் ரயிலிலிருந்து 'கோஆக்ஸியம்' என்ற விலையுயர்ந்த எரிபொருளைக் கடத்தி வர ஆள் தேவை என்றும் சரளமாகச் சொன்னார். யந்திரப் பொம்மை என்று தெரிந்தும் அவருடைய தோள் அசைவில் சில கணம் மெய்மறந்து நின்றேன். திறப்பு விழாக் காலத்தில் அமைந்த கதை இது. கதையை அவ்வப்போது மாற்றக்கூடிய விதத்திலேதான் யந்திரம் அமைந்திருக்கிறது.

பிறகு ஆளுக்கொரு வர்ண அட்டை கொடுக்கிறார்கள். அதில் நம் உத்தியோகம் எழுதியிருக்கும். அட்டையை வாங்கியவர்கள் கப்பலின் கூடத்தில், படத்தில் பார்த்த அதே வட்டச் சதுரங்க மேஜையைச் சுற்றிச் சற்று நேரம் உட்கார்ந்திருக்கலாம். அந்தச் சில நிமிஷங்களில் புகைப்படம் எடுத்துக்கொள்ளாத மனிதரை நான் காணவில்லை. அதன் பின்னர் வர்ணத்தைச் சொல்லி அழைக்க, வளைந்த நடை ஒன்றின் வழியாக ஆறு பேரும் ஓட்டும் அறைக்குள் போகிறோம். வாஸ்தவத்தில் அப்படிப்பட்ட அறைகள் பல, ஒரு பெரிய சுழல்மேடையின் மேல் வட்டமாக நின்று மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் உள்ளே நுழைந்தவருக்கு உலகத்திலே ஒரே ஃபால்கன்தான், அதன் ஒரே அறையில்தான் தாம் உட்கார்ந்திருக்கிறோம் என்ற எண்ணம் கலைவதில்லை.

முன் வரிசையிலுள்ள இரு மாலுமிகளின் வேலைப் பங்கீடு இந்தச் சவாரியின் உயிர்நாடி என்பது என் அபிப்பிராயம். இடப்பக்கத்து மாலுமி கப்பலை இடமும் வலமுமாகத் திருப்பலாமே தவிர ஏற்றவோ இறக்கவோ இயலாது. வலப்பக்கத்தவர் ஏற்றலாம், இறக்கலாம், வேளை வந்ததும் நெம்புகோலை இழுத்து நட்சத்திரங்களைக் கோடுகளாக்கி வேகத்தின் எல்லையைத் தாண்டலாம். ஆனால் திருப்ப இயலாது. எத்தனை சாமர்த்தியசாலியானாலும் ஒருவர் தனியாக அந்தக் கப்பலை ஓட்ட வழியே இல்லை. அங்கே குடியிருக்கும் என் தங்கை மகளின் குடும்பத்தோடு நான் ஏறியபோது அவளுடைய பையனுக்கு வலப்பக்கத்து மாலுமி அட்டை கிடைத்தது; இடப்பக்கத்தில் உட்கார்ந்தவர் நாங்கள் முன்பின் அறியாத, தலை நரைத்த ஓர் அமெரிக்க அம்மாள். "தாத்தா, நான் மேலே கீழே, அந்தப் பாட்டி இடது வலது" என்று என்னிடம் தமிழில் அறிவித்துவிட்டு, அவரிடம் ஆங்கிலத்தில் அதையே அவன் விளக்கினான். முதல் வளைவில் பாறையில் மோதினோம். இரண்டாவதிலும் மோதினோம். அதற்குப் பிறகு அந்த அம்மாள் திரும்புவதற்கு ஒரு கணம் முன்னதாகவே குரல் கொடுக்கத் தொடங்கினார். பையன் அந்தக் குரலுக்குக் காது கொடுத்துக் கப்பலைத் தூக்கினான். ரயிலை நாங்கள் எட்டிப் பிடித்தபோது, எழுபதும் பத்துமான அவ்விருவரும் வெகு நாள் சேர்ந்து பறந்தவர்கள் மாதிரி ஒருவரையொருவர் பார்க்காமலே புரிந்துகொண்டார்கள். இதைக் கண்ணாரக் கண்டதற்காகவே அந்த நீண்ட வரிசையில் நின்றது தகும் என்பேன்.

ஜன்னலுக்கு வெளியே காணும் காட்சி முன்கூட்டி எடுத்து வைத்த திரைப்படம் அன்று. மாலுமி பிடியைத் திருப்பிய அந்தக் கணத்திலேயே கம்ப்யூட்டர் அதற்குரிய சித்திரத்தை வரைந்து வளைந்த திரையில் வீழ்த்துகிறது. வீடியோ விளையாட்டுக்காகப் பிறந்த 'அன்ரியல் எஞ்சின்' மென்பொருளே அதற்கு ஆதாரம். அறை ஆடுகிற வித்தை இதைவிட நுட்பமானது. நம் காதின் உட்புறத்தில், நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களைச் சுமந்த ஓர் உறுப்பு சாய்வையும் வேகமாற்றத்தையும் உணர்ந்து மூளைக்குச் சொல்கிறது. ஆனால் பின்னுக்குச் சாய்வதையும் முன்னோக்கிப் பாய்வதையும் அதனால் பிரித்தறிய முடிவதில்லை. ஈர்ப்புக்கும் வேகமாற்றத்துக்கும் உள்ள இந்த ஒற்றுமையைத்தான் ஐன்ஸ்டீன் 1907இல் சிந்தித்துத் தம் மகத்தான தத்துவத்துக்கு வித்தாக்கிக்கொண்டார். திரையிலே நட்சத்திரங்கள் பாய்ந்து வரும்போது அறையை மெல்லப் பின்னுக்குச் சாய்த்துவிட்டால், கண் 'பாய்கிறோம்' என்கிறது, காது 'ஆமாம்' என்கிறது, முதுகு ஆசனத்தில் அழுந்துகிறது. பிறகு, காது உணராத மந்த கதியில் அறையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து அடுத்த பாய்ச்சலுக்குத் தயார் செய்கிறார்கள். சில அடி தூரங்கூட நகராத அறையில் கிரகம் விட்டுக் கிரகம் போனதாக உடம்பே சாட்சி சொல்லும் ரகசியம் இதுதான்.

கண்ணும் காதும் சற்றே முரண்பட்டால் குமட்டல் வரும். மலைப்பாதையில் பஸ் ஏறிப் போகிறவர்களில் பலருக்குத் தலை சுற்றினாலும் டிரைவருக்குச் சுற்றுவதில்லை அல்லவா? அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவருக்கு முன்பே தெரியும். ஆகவே குமட்டலுக்கு அஞ்சுகிறவர்கள் மாலுமி ஆசனம் கேட்டுப் பார்க்கலாம். பூங்கா ஊழியர்களிடம் பணிவாகக் கேட்டால் இயன்றவரை இணங்குகிறார்கள். புளோரிடாவின் எப்காட் பூங்காவில் 2003இல் திறந்த 'மிஷன் ஸ்பேஸ்' சவாரியைப் போல, மனிதரை நிஜமாகவே சுழற்றி உடம்பைக் கனக்கச் செய்யும் கடுமை இதில் இல்லை. அங்கேயும் நான்கு பேருக்கு நான்கு உத்தியோகம் உண்டு. ஆனால் குறித்த நேரத்தில் பொத்தானை அழுத்தத் தவறினால் கம்ப்யூட்டரே அதை அழுத்திவிடுகிறது. ஃபால்கனை நான் உயர்த்திச் சொல்வது இந்த வேறுபாட்டை எண்ணியே. முப்பத்தெட்டு அங்குல உயரம் இல்லாத குழந்தைகளை ஏற்றுவதில்லை. கர்ப்பிணிகளும், இருதயம், முதுகு, கழுத்துக் கோளாறு உடையவர்களும் ஏறாதிருப்பதே விவேகம்.

குறை ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நடு வரிசைப் பீரங்கிக்காரர்களுக்கும் கடைசி வரிசை எஞ்சினீயர்களுக்கும் உரிய பொத்தான்கள் பக்கத்துச் சுவரில் இருக்கின்றன. கதை எதிரே நடக்க, வேலை பக்கவாட்டில் காத்திருக்கிறது. எதிரிகளின் விமானம் ஜன்னலில் சீறி வரும் வேளையிலே எஞ்சினீயர் முகத்தைத் திருப்பி, வெளிச்சம் மின்னுகிற பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கிறார். ரயில் பெட்டியைக் கொக்கி எறிந்து பிடிப்பதும் கப்பலின் காயங்களை ஆற்றுவதும் அவர் பொறுப்பாதலின், அவர் இல்லாமல் சரக்கு இல்லை. என்றாலும், தாம் செய்ததன் பலனைத் தம் கண்ணாலே காணும் பாக்கியம் மாலுமிக்குக் கிடைக்கிற அளவு அவருக்குக் கிடைப்பதில்லை. தனி ஆள் வரிசையில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்த ஆசனமே வாய்க்கிறது. குடும்பத்திலுள்ள பெரியவர்களுக்கும் காட்சியை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் பீரங்கிக்காரர் வேலையையே நான் சிபாரிசு செய்வேன். ஆரம்பத்திலேயே தானியங்கி முறையைத் தேர்ந்துகொண்டால் குறிபார்க்கும் பொறுப்பைக் கப்பல் ஏற்றுக்கொள்ளும், ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே ஜன்னலை விட்டுக் கண்ணெடுக்காமல் இருக்கலாம்.

சவாரி ஐந்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. முடிந்ததும் ஹோண்டோ கணக்குச் சொல்கிறார்: கொண்டுவந்த சரக்குக்கு இவ்வளவு, கப்பலுக்கு விளைத்த சேதத்துக்குக் கழிவு இவ்வளவு. வெளியே வரும் நடையிலும் அந்தக் கணக்குத் தொடர்கிறது. கப்பலை மோதாமல் ஓட்டியவர்களுக்கு விளக்குகள் நிதானமாக எரிகின்றன, இடித்து நொறுக்கியவர்களுக்கு அவை நடுங்கிச் சிமிட்டுகின்றன. அம்மாளும் பையனும் அந்த நடையிலேயே நின்று எந்த வளைவில் யார் முந்தினார் என்று வாதித்துக்கொண்டிருந்தபடியால் பின்னால் வந்தவர்களுக்கு நாங்கள் வழிவிட வேண்டியதாயிற்று. ஆகையால், அங்கே போகிறவர்கள் வர்ண அட்டை கைக்கு வந்தவுடன், சதுரங்க மேஜையருகே கிடைக்கும் அந்தச் சில நிமிஷங்களில் புகைப்படத்தோடு நின்றுவிடாமல், கூட ஏறப் போகும் மற்றவர்கள் யாரென்று கேட்டு, அவரவர் வேலை எது என்று ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொள்ளட்டும். அந்நியராயிருந்தால் அவசியம் பேசட்டும்.