முதலில் போக வேண்டியவர் யார்?

நம் சங்க மலருக்கு ரயில்வே அனுபவங்கள் ஏதாவது எழுதித் தரும்படி ஆசிரியர் குழுவினர் பலமுறை கேட்டார்கள். ரயில்வேயைப் பற்றியும் இதில் கொஞ்சம் வரும். ஆனால் எழுத வந்த விஷயம் வேறு. நம்மில் பலருடைய வீட்டில் இருந்துகொண்டே, யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயம். கூடப் பிறந்தவர்களோடு பேச்சு வார்த்தை நின்றுபோன கதை.

நான் கிறிஸ்தவன். ஆகையால் என் உதாரணங்கள் வேதாகமத்திலிருந்து வரும். இது மதப் பிரசாரம் அல்ல. என் சபையாருக்கும் எனக்குமே இதில் கண்டனம் அதிகம் இருக்கிறது என்பதைப் படித்தால் தெரிந்துகொள்வீர்கள்.

திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து, 1982-ல் ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் சேர்ந்தேன். நாக்பூருக்கு வந்தவன் இங்கேயே வேர் விட்டுவிட்டேன். ஊரில் அண்ணன் விவசாயம் பார்த்துக்கொண்டு பெற்றோரோடு இருந்தார். அப்பா முன்னமே காலமாகிவிட்டார். 1995 ஜனவரியில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. 1998 ஜூன் கடைசியில் கண்மூடும் வரை மூன்றரை வருடம் படுக்கைதான். பார்த்துக்கொண்டவர் மதினி. நான் மாதம் 300 ரூபாய் மணியார்டர் அனுப்பினேன். வருடத்துக்கொரு முறை ஜி.டி. எக்ஸ்பிரஸில் மதராஸ் போய், எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து, பத்து நாள் தங்கி, அம்மா தலைமாட்டில் ஜெபம் செய்துவிட்டுத் திரும்புவேன். ஊரில் என்னைப் பொறுப்பான பிள்ளை என்று சொல்வார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

அம்மாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள் சொந்தக்காரர்கள் எல்லாரும் திண்ணையில் இருந்தார்கள். 1996-ல் அண்ணன் 40 சென்ட் பனை விளையை விற்றது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அம்மா வைத்தியத்துக்கு என்றார். அதுவரை அவரை 'நீங்க' என்றே பேசி வந்தவன், அத்தனை பேர் முன்னிலையில், "அம்மா பேரைச் சொல்லி வித்துத் தின்னுட்டியே" என்றேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மதினி மட்டும் உள்ளே போய்விட்டார். அன்றிரவே நான் கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு 19 வருடம் பேச்சு இல்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் லீவுக்கு எழுதிக் கொடுக்கவே இல்லை. 2014-ல் மதினி இறந்தபோதும் அதே பொய்யைச் சொன்னேன்.

இதற்கிடையில் ஒவ்வொரு மாதமும் இங்கே திருவிருந்து ஆராதனைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். திருவிருந்துக்கு முன் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் கூறுவது எங்கள் வழக்கம். பக்கத்து வரிசையில் நிற்கும் பெயர் தெரியாதவருக்கெல்லாம் சமாதானம் கூறினேன். கூடப் பிறந்தவருக்குக் கூறவில்லை. அதில் ஒரு முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. ஏனென்றால் என் கணக்கில் தப்புச் செய்தவர் அவர். அவர் வந்து கேட்டால் மன்னித்துவிடத் தயாராகக் காத்திருக்கும் பெருந்தன்மையானவன் நான்.

2017-ல், ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது, பழைய சர்வீஸ் காகிதங்களைத் தேடி டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அம்மாவுக்கு அனுப்பிய மணியார்டர்களின் ஒப்புகைச் சீட்டுகள் ஒரு நூலில் கட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் அம்மாவின் கைநாட்டு. ஒரு மாதம்கூடத் தவறாமல் அனுப்பினேன் என்று 19 வருடமாக எல்லாரிடமும் சொல்லி வந்தவன் ஆயிற்றே! அத்தாட்சி கையில் கிடைத்துவிட்டது என்று எண்ணிப் பார்த்தேன். 42 மாதத்துக்கு 23 சீட்டுகள். சீட்டு தொலைந்திருக்கும் என்று நினைத்து, அந்த வருடங்களின் வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். நோட்டும் 23 என்றே சொன்னது. ஆக மொத்தம் 6,900 ரூபாய். மூன்றரை வருடம் படுக்கையில் கிடந்த தாய்க்கு நான் கொடுத்தது அவ்வளவுதான். மீதியைக் கொடுத்தது அந்தப் பனை விளை.

ரயில்வேயில் ஒரு விபத்து நடந்தால் விசாரணையில் யாருக்கு முதல் பொறுப்பு, யாருக்கு இரண்டாம் பொறுப்பு என்று பிரித்து எழுதுவார்கள். பதிவேடுகளைப் பார்ப்பார்கள். தன் வாய்மொழியை மட்டும் வைத்து ஒருவன் தப்ப முடியாது. எத்தனையோ விசாரணைகளில் சாட்சி சொன்னவன் நான். என் வீட்டு விஷயத்தில் மட்டும் பதிவேட்டைப் புரட்டாமலே தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

அன்றிரவு அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். நான் பேசியது தவறுதான், ஆனால் விளையை விற்குமுன் நீங்கள் எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம், என்கிற ரீதியில் மூன்று பக்கம். என் மனைவி வாங்கிப் படித்துவிட்டு, "ஏங்க, இது மன்னிப்புக் கேக்கிற லெட்டரா, சார்ஜ் ஷீட்டுக்கு எழுதின பதிலா?" என்று கேட்டாள். கிழித்துப் போட்டேன். மறுபடி எழுதியது ஆறே வரி. நான் இன்ன வார்த்தையைச் சொன்னேன், அது பொய், நான் அனுப்பியது இவ்வளவுதான், மதினி செய்ததை நான் ஒருநாளும் செய்யவில்லை, உங்களைப் பார்க்க வர அனுமதி வேண்டும். அவ்வளவுதான்.

ஆதியாகமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாமைக் கேட்டால் அவன் மனைவியைக் காட்டினான். அவளைக் கேட்டால் பாம்பைக் காட்டினாள். மனிதனின் முதல் பாவம் கனியைத் தின்றது என்போம். இரண்டாவது, பொறுப்பை அடுத்தவர் தலையில் வைத்தது. அதே புத்தகத்தின் பிற்பகுதியில் யூதா வருகிறான். தம்பி யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவன் அவன்தான். ஆனால் வருடங்கள் கழித்து, கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளும்படி எகிப்தின் அதிபதி முன் கெஞ்சுகிறான். அந்த அதிபதிதான் யோசேப்பு. அதைக் கேட்ட பிறகுதான் அவன் அழுது தன்னை வெளிப்படுத்துகிறான். குற்றம் செய்தவன் பொறுப்பேற்ற பிறகே அந்தக் குடும்பம் ஒன்று சேர்ந்தது.

என் கருத்து இதுதான். நம் சபைகளில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கங்கள் அதிகம். ஆனால் அவை பெரும்பாலும் பாதிக்கப்பட்டவரைப் பார்த்தே சொல்லப்படுகின்றன. "மன்னிச்சிருங்க, மறந்துருங்க, கர்த்தர் பாத்துக்குவார்" என்கிறோம். தவறு செய்தவரைப் பார்த்து, "போய் உன் தவற்றைச் சொல்லிவிட்டு வா" என்று யார் சொல்கிறோம்? மலைப் பிரசங்கத்தில் காணிக்கையைப் பற்றி இயேசு சொன்னதைக் கவனித்துப் படியுங்கள். உனக்கு உன் சகோதரன்மேல் குறை இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறார். புறப்பட வேண்டியவர் மனத்தாங்கல் உண்டாக்கியவர். நாற்பது வருடம் இந்தப் பகுதியைக் கேட்டிருந்தும் அண்ணன்தான் என்னிடம் வரவேண்டும் என்று நான் தலைகீழாகப் படித்திருக்கிறேன்.

வெறும் வார்த்தையும் போதாது. சகேயு என்ற ஆயக்காரன் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். கண்ணீர் விட்டதாக அங்கே எழுதவில்லை. கணக்குத்தான் எழுதியிருக்கிறது.

தண்டவாளத்தில் விரிசல் கண்டால் கீமேன் முதலில் வண்டியை நிறுத்த ஏற்பாடு செய்வார். பிறகு இரு பக்கமும் ஃபிஷ் பிளேட் வைத்து கிளாம்ப் போட்டு, வேகத்தைக் குறைத்து வண்டியை விடுவோம். அது அவசரத்துக்கு. நிரந்தரமாக்க வேண்டுமானால் வெல்டிங் செய்யவேண்டும். உடைந்த முனைகளை அப்படியே ஒட்டவைக்க முடியாது. பழுதான பகுதியை வெட்டி எடுத்து, முனைகளைச் சுத்தம் செய்து, நேர்கோட்டில் நிறுத்தி, அதன் பிறகே உருக்கு வார்க்கவேண்டும். நம் குடும்ப சமாதானங்கள் பல கிளாம்போடு நின்றுவிடுகின்றன. ஆயர் வந்து ஜெபித்து இருவர் கையையும் சேர்த்து வைத்துவிட்டுப் போகிறார். என்ன நடந்தது என்பதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. அடுத்த கல்யாணத்தில் அதே இடத்தில் மறுபடி உடைகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அடி வாங்கிய பெண்ணையும், ஏமாற்றப்பட்ட தங்கையையும் "குடும்ப ஒற்றுமை" என்ற பெயரில் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்புவது ஒப்புரவு ஆகாது. அங்கே முதலில் திருந்த வேண்டியவர் அடித்தவரும் ஏமாற்றியவரும்தான். பாதிக்கப்பட்டவர் தன் நேரத்தை எடுத்துக்கொள்ள உரிமை உள்ளவர்.

பொறுப்பேற்பது என்றால் ரயில்வேக்காரர்களுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வரும். 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தபோது, அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பாலத்தைக் கட்டியவரும் அவரல்ல, வண்டியை ஓட்டியவரும் அவரல்ல. தன் கையால் செய்யாததற்கே ஒருவர் பொறுப்பேற்க முடிந்தது. நம் வாயால் சொன்னதற்கு நாம் ஏற்கக்கூடாதா?

நாம் குடியிருக்கும் இந்த ஊரிலேயே பாடம் இருக்கிறது. 1929-ல் பேச்சு தொடங்கி, 41 ஆண்டுகள் விட்டுவிடாமல் பேசி, ஆறு சபைப் பிரிவுகள் 1970 நவம்பர் 29-ல் இதே நாக்பூரில் வட இந்தியத் திருச்சபையாக ஒன்று சேர்ந்தன. நம் அண்டை வீட்டு ஜைனர்கள் பர்யூஷண் முடிவில் ஒவ்வொருவரிடமும் போய், தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்கிறார்கள். மராட்டியர்கள் சங்கராந்திக்கு எள்ளுருண்டை கொடுத்து, இனிமையாகப் பேசுங்கள் என்கிறார்கள். நாமோ பொங்கலுக்கு வாழ்த்து அட்டை யாருக்கு அனுப்பக்கூடாது என்று பட்டியல் வைத்திருக்கிறோம்.

வெளியூரில் வாழும் நமக்கு ஒரு வசதி உண்டு. கோபித்துக்கொண்டால் ரயில் ஏறிவிடலாம். ஆயிரம் மைல் தூரம் நம் மனசாட்சியைத் தூங்கவைத்துவிடும். ஊரில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தாகவேண்டும். நம் பிள்ளைகளுக்கோ பெரியப்பா என்பவர் ஒரு சண்டையின் பெயர் மட்டும்தான்.

கடிதம் போட்டுப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. "வா" என்று மட்டும் இருந்தது. போனேன். அண்ணன் வாசலில் நின்றார். "வாலே, ரெயில் லேட்டோ?" என்றார். சாப்பிட்ட பிறகு கடிதத்தில் எழுதியதை நேரில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்கிட்ட சொல்லிட்டே. அவகிட்ட சொல்ல முடியாதுல்லா" என்றார். மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மதினிக்கு நான் மூன்று வருடம் பிந்திவிட்டேன். அதற்குப் பரிகாரம் எதுவும் என்னிடம் இல்லை.

அதே வாரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் வீட்டில் என் பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். அண்ணன் வேண்டாம் என்றார். மதினிக்கு நான் செலுத்தவேண்டிய கடனில் அது ஒரு சிறு பகுதி என்றேன். அண்ணன் மகள் மேலும் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. பாட்டியின் கட்டிலருகே தன் தாய் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவள் அவள். நான் வற்புறுத்தவில்லை. 2019-ல் நான் ஓய்வு பெற்ற அன்று முதல்முறையாக போன் செய்து, "சித்தப்பா, நல்லாருக்கீங்களா?" என்று கேட்டாள்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது ஒரு முகம் நினைவுக்கு வந்திருந்தால், அடுத்த லீவு வரை காத்திருக்க வேண்டாம். இன்றே எழுதுங்கள். செய்ததைப் பெயர் சொல்லி எழுதுங்கள். 'ஆனால்' என்ற சொல் வந்தால் அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டியது இருந்தால் கொடுத்துவிடுங்கள். பதில் வரவேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். எழுதவேண்டிய விலாசத்தில் ஆள் இருக்கும்போதே எழுதுங்கள். நான் ஒரு கடிதத்தைத்தான் உரிய நேரத்தில் போட்டேன். இன்னொன்று போடாமலே போய்விட்டது.