தம்பி வைத்த கடன்... அண்ணன் போட்ட செக்!

1937 நவம்பர் மாதம். நியூயார்க் வால் ஸ்ட்ரீட், 23-ம் எண் கட்டடம். வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. ஜே.பி. மார்கன் வங்கிக்குப் பலகை எதற்கு? அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளுக்கும் வெளிநாட்டு அரசாங்கங்களுக்கும் ஒரு காலத்தில் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டித் தந்த இடம் அது. அதன் முக்கியப் பங்குதாரர்களில் ஒருவர் ஜார்ஜ் விட்னி. வயது 52.

அவரைப் பார்க்க அன்று வந்தவர், கூடப் பிறந்த தம்பி ரிச்சர்ட் விட்னி. தம்பி பணம் கேட்டு வருவது புதிதல்ல. ஆனால் அன்று கேட்ட தொகை 10 லட்சத்து 82 ஆயிரம் டாலர். அதுவும் உடனே வேண்டும்.

‘எதற்கு?’ என்று அண்ணன் கேட்டார். தம்பி சொன்ன பதிலைக் கேட்டபோது, அவர் உட்கார்ந்திருந்த உலகமே ஆட்டம் கண்டிருக்கும்.

அந்தப் பதிலுக்குப் போகும் முன், இந்தச் சகோதரர்கள் யார் என்று பார்த்துவிடலாம்.

பாஸ்டன் பக்கத்துப் பழைய பணக்காரக் குடும்பம். அப்பா ஒரு வங்கியின் தலைவர். உறவினர் ஒருவர் ஏற்கெனவே மார்கனில் பங்குதாரராக இருந்தவர். ஜார்ஜ் 1885-ல் பிறந்தார், ரிச்சர்ட் 1888-ல். இருவரும் படித்தது கிராட்டன் பள்ளி, பிறகு ஹார்வர்டு. ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் இதே கிராட்டன், இதே ஹார்வர்டு மாணவர்தான். ஹார்வர்டில் போர்செலியன் என்று ஒரு மாணவர் கிளப் உண்டு. அதில் ரிச்சர்டுக்கு இடம் கிடைத்தது, ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்து அமெரிக்க மேல்தட்டில் இதெல்லாம் பெரிய விஷயம்!

ஜார்ஜ் அமைதியானவர். முதல் உலகப் போர் நேரத்தில் மார்கனில் சேர்ந்து, சில வருடங்களிலேயே பங்குதாரர் ஆனார். மாமனார் ராபர்ட் பேக்கனும் சாதாரண ஆள் இல்லை. மார்கனின் முன்னாள் பங்குதாரர், அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தவர். ரிச்சர்டின் வழி வேறு. 1912-ல் குடும்பத்தின் உதவியோடு நியூயார்க் பங்குச்சந்தையில் உறுப்பினர் ஆகி, நான்கே வருடத்தில் சொந்தப் பெயரில் தரகு நிறுவனம் தொடங்கினார். அண்ணன் இருக்கும் வங்கியின் பத்திரங்களை வாங்கி விற்கும் வேலை தம்பி நிறுவனத்துக்கு வந்தது. போதாதா? ஊரே அவரை ‘மார்கனின் தரகர்’ என்று பார்த்தது.

ரிச்சர்டின் பெயர் உலகத்துக்கே தெரிந்தது ஒரே நாளில். 1929 அக்டோபர் 24, வியாழக்கிழமை. பங்குச்சந்தை சரிந்து விழுந்துகொண்டிருந்தது. சந்தையின் தலைவர் எட்வர்ட் சிம்மன்ஸ் அப்போது ஊரில் இல்லை, ஹவாயில் தேனிலவு. துணைத் தலைவரான ரிச்சர்டின் கையில் பொறுப்பு இருந்தது. மார்கன் அலுவலகத்தில் பெரிய வங்கிகளின் தலைவர்கள் அவசரமாகக் கூடி, சந்தையைத் தூக்கி நிறுத்தப் பணம் போட முடிவெடுத்தார்கள். மதியம் ஒன்றரை மணி வாக்கில் ரிச்சர்ட் நிமிர்ந்த நடையோடு யு.எஸ். ஸ்டீல் பங்கு விற்கும் இடத்துக்குப் போனார். எல்லோரும் அதைவிடக் குறைந்த விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்க, பங்கு ஒன்று 205 டாலர் வீதம் 10,000 பங்குகள் வாங்கிக்கொள்வதாக உரக்கச் சொன்னார். அப்படியே அடுத்தடுத்த பங்குகளுக்கும் விலை கேட்டபடி நடந்தார். கூச்சல் அடங்கியது. அன்றைக்குச் சந்தை மூச்சு விட்டது.

ஐந்தே நாளில், 29-ம் தேதி செவ்வாய்க்கிழமை, 1 கோடியே 64 லட்சம் பங்குகள் கைமாறி எல்லாம் பாதாளத்துக்குப் போனது. ஆனாலும் அந்த வியாழக்கிழமை நடை ரிச்சர்டை ஹீரோ ஆக்கிவிட்டது. அடுத்த வருடமே பங்குச்சந்தைத் தலைவர். தொடர்ந்து ஐந்து வருடம்! அரசாங்கம் பங்குச்சந்தைக்குக் கடிவாளம் போட முயன்றபோதெல்லாம், ‘எங்களை நாங்களே பார்த்துக்கொள்வோம், நாங்கள் கனவான்கள்’ என்ற தோரணையில் வாஷிங்டன் வரை போய் வாதாடியவர் அவர்தான்.

1933-ல் செனட் விசாரணை நடந்தது. சிசிலியில் பிறந்து வக்கீல் ஆன ஃபெர்டினாண்ட் பெக்கோரா, மார்கன் வங்கியைக் குடைந்து எடுத்தார். அங்கே பதில் சொல்ல உட்கார்ந்தவர்களில் ஜார்ஜும் ஒருவர். வெளிச்சந்தையில் 35 டாலர் போகக்கூடிய அலகேனி பங்கை, வேண்டப்பட்டவர்களுக்கு மட்டும் 20 டாலருக்குக் கொடுத்த பட்டியல் வெளியே வந்தது. மார்கன் பங்குதாரர்கள் 1931, 1932 ஆகிய இரண்டு வருடங்களிலும் வருமான வரியே கட்டவில்லை என்பதும் வெளியே வந்தது. சட்டப்படி அதில் தப்பு இல்லை. வேலையும் வீடும் இழந்து சூப்புக்கு வரிசையில் நின்றவர்களிடம் போய் அந்தச் சட்டத்தைச் சொல்ல முடியுமா? அடுத்த வருடமே பங்குச்சந்தையைக் கண்காணிக்கப் புதிய ஆணையம் வந்துவிட்டது.

இந்தப் பெருமைக்கெல்லாம் பின்னால் தம்பியின் கணக்கு எப்படி இருந்தது?

ஓட்டை. ரிச்சர்டுக்கு வியாபாரக் கண் கொஞ்சமும் இல்லை என்பதே உண்மை. மன்ஹாட்டனில் மாளிகை, நியூ ஜெர்சியில் பெரிய பண்ணை, குதிரைகள், நரி வேட்டை என்று செலவு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், யார் எந்தத் திட்டம் சொன்னாலும் பணம் போடுவார். ஃபுளோரிடாவில் மக்கு மண்ணை உரமாக விற்கும் கம்பெனியில் போட்டார், போனது. மதுவிலக்கு 1933-ல் முடிந்ததும், ஆப்பிள் சாராயம்தான் இனி அமெரிக்காவின் பானம் என்று நம்பி நியூ ஜெர்சிக் கம்பெனி ஒன்றில் போட்டார். பங்கு 45 டாலர் வரை ஏறியது. அப்போதே விற்றிருந்தால் தப்பித்திருப்பார். விற்கவில்லை.

அந்தப் பங்குகளை வங்கிகளில் அடகு வைத்துத்தான் கடன் வாங்கியிருந்தார். விலை இறங்கினால் வங்கி, ‘அடமானம் போதாது, மேலும் கொடு’ என்று கேட்கும். அதனால் விலை இறங்கவிடாமல் அவரே மேலும் மேலும் வாங்கினார். வாங்க இன்னொரு கடன். அந்தக் கடனுக்கும் அதே பங்கு அடமானம். வெளியே யாரும் வாங்கத் தயாராக இல்லாத சாராயப் பங்கில் பெரும்பகுதி கடைசியில் அவர் கையிலேயே சேர்ந்தது.

அண்ணன் அவ்வப்போது கொடுத்துக்கொண்டே இருந்தார். மார்கன் வங்கியும் கொடுத்தது. அதுவும் போதாதபோது, தம்பியின் கை அடுத்தவர் பெட்டிக்குள் போனது. நியூயார்க் யாட் கிளப்புக்கு அவர் பொருளாளர். கிளப்பின் பத்திரங்கள் போயின. காலமான மாமனாரின் சொத்துக்கு அவர் பொறுப்பாளர், அதுவும் போனது.

இவற்றைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பங்குச்சந்தை உறுப்பினர் இறந்தால் அவர் மனைவி மக்களுக்குக் கொடுப்பதற்கென்று ஒரு நிதி இருந்தது. ரிச்சர்ட் அதன் அறங்காவலர், தரகரும் அவரே. நிதியின் பத்திரங்களை விற்கக் கொடுத்தால், பணமோ பத்திரமோ திரும்பி வராது. அவரிடம் போய்க் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை. ஒருநாள் ரிச்சர்ட் வராத கூட்டத்தில், அலுவலக குமாஸ்தா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லிவிட்டார். 9 லட்சம் டாலருக்கு மேல் பத்திரங்கள், 2 லட்சம் டாலருக்கு மேல் ரொக்கம் அவரிடம் நிற்கிறது! கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர், அன்று ஹவாயில் தேனிலவில் இருந்த அதே சிம்மன்ஸ்.

அந்தப் பத்திரங்கள் எங்கே என்பதுதான் ஜார்ஜ் கேட்ட கேள்வி. அடகில் இருக்கின்றன என்பதுதான் தம்பி சொன்ன பதில். விதவைகளின் பணம், சாராயப் பங்கைத் தாங்கிப் பிடிக்கப் போயிருந்தது.

ஜார்ஜிடமே அவ்வளவு ரொக்கம் கையில் இல்லை. சக பங்குதாரர் தாமஸ் லமாண்ட்டிடம் போனார். அவரிடம் கடன் வாங்கி, தம்பிக்குக் கொடுத்தார். நிதியின் பத்திரங்கள் திரும்பின. இருவரும் வெளியே மூச்சுவிடவில்லை. தரகு நிறுவனத்தை விற்றோ மூடியோ இந்தத் தொழிலிலிருந்து வெளியே வா என்று தம்பியிடம் சொன்னதோடு ஜார்ஜ் நிறுத்திக்கொண்டார்.

தம்பி கேட்கவில்லை. 1937 நவம்பர் முதல் அடுத்த மார்ச் வரை நான்கே மாதங்களில் 111 கடன்கள். மொத்தம் 2 கோடியே 73 லட்சம் டாலர்! பெரும்பாலும் ஒன்றை வாங்கி இன்னொன்றை அடைக்கும் கடன்கள்தான். சந்தையில் தனக்குக் கீழே என்று மதித்தவர்களிடமும் கையேந்தினார். பென் ஸ்மித் என்ற வியாபாரியிடம், முகத்தை நம்பி இரண்டரை லட்சம் டாலர் கொடுங்கள் என்று கேட்டாராம். இந்த முகத்துக்கு அவ்வளவு விலையா என்று அவர் நறுக்கென்று கேட்டுவிட்டு மறுத்துவிட்டார்.

1938 மார்ச் 8, காலை பத்து மணி கொஞ்சம் தாண்டியதும் பங்குச்சந்தையில் மணி ஒலித்து வியாபாரம் நின்றது. ரிச்சர்ட் விட்னி நிறுவனம் இடைநீக்கம் செய்யப்படுவதாகத் தலைவர் சார்லஸ் கே வாசித்தார். செய்தி போனபோது ரூஸ்வெல்ட்டே நம்ப முடியாமல் திகைத்தார் என்பார்கள். அரசு வக்கீல் தாமஸ் டூயி வழக்குப் போட்டார். ரிச்சர்ட் வாதாடவில்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஐந்து முதல் பத்து வருடம் சிறை. கையில் விலங்கோடு அவர் சிங் சிங் சிறைக்கு ரயில் ஏறியதைப் பார்க்க கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள்.

அண்ணனையும் விடவில்லை. நவம்பரிலேயே தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று ஆணையம் ஜார்ஜையும் லமாண்ட்டையும் கூப்பிட்டுக் கேட்டது. சொந்தத் தம்பியைக் காட்டிக்கொடுப்பது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. அதற்காக அவர் மௌனம் சரியாகிவிடாது. அந்த நான்கு மாதங்களில் ரிச்சர்டை நம்பிப் பணம் கொடுத்த மற்றவர்களுக்கு, விட்னி குடும்பத்துக்குள் தெரிந்த உண்மை தெரியவில்லை. ஆணையத்தின் அறிக்கை அந்த மௌனத்தைக் கண்டித்தது. வழக்கு எதுவும் போடவில்லை. அந்த வருடமே பங்குச்சந்தையின் நிர்வாகம் மாற்றப்பட்டு, 31 வயது வில்லியம் மார்ட்டின் சம்பளம் வாங்கும் முதல் தலைவராக வந்தார்.

சிறையில் கைதிகளும் காவலர்களும் அவரை ‘மிஸ்டர் விட்னி’ என்றே அழைத்தார்கள். பள்ளி நாட்களில் பேஸ்பால் கேப்டனாக இருந்தவர் அங்கேயும் ஆடினார். கிராட்டன் பள்ளியின் பழைய தலைமையாசிரியர் பார்க்கப் போய், என்ன வேண்டும் என்று கேட்டாராம். முதல் பேஸில் நிற்கப் பயன்படும் இடது கைக்காரர் கையுறை ஒன்று போதும் என்றாராம் ரிச்சர்ட்.

நன்னடத்தைக்காக 1941 ஆகஸ்ட்டில் வெளியே வந்தார். மனைவி கெர்ட்ரூட் கைவிடவில்லை. வால் ஸ்ட்ரீட் பக்கம் திரும்பாமல் மாசசூசெட்ஸில் பால் பண்ணை ஒன்றைப் பார்த்துக்கொண்டார்.

தம்பி விழுந்தபோது அண்ணனுக்கு மட்டும் தர வேண்டியிருந்தது கிட்டத்தட்ட 29 லட்சம் டாலர். அதைக் கேட்கவா முடியும்? அது போகட்டும் என்று விட்டதோடு நில்லாமல், மற்றவர்களுக்குத் தம்பி வைத்த கடனையும் ஜார்ஜ் வருடக்கணக்கில் அடைத்தார். 1940-ல் மார்கன் வங்கி பங்குதாரர் அமைப்பிலிருந்து கம்பெனியாக மாறியபோது அதன் முதல் பிரசிடென்ட் அவர்தான், 1950-ல் சேர்மன். 1963-ல் காலமானார். ரிச்சர்ட் அதற்குப் பிறகு பதினோரு வருடம் வாழ்ந்து, 1974 டிசம்பரில் நியூ ஜெர்சியின் ஃபார் ஹில்ஸில், ஒரு காலத்தில் அவருடைய குதிரைகளும் வேட்டை நாய்களும் ஓடிய அதே ஊரில், 86 வயதில் இறந்தார்.