முத்திரையை நம்பலாமா?

பழைய பட்டாளத்துத் துப்பாக்கி ஒன்றைக் கையில் எடுத்தவர் முதலில் தேடுவது அதன் மேலுள்ள முத்திரையைத்தான். கிரீடம், அரசரின் பெயரெழுத்து, தொழிற்சாலையின் பெயர், வருஷம் எல்லாம் வரிசையாகப் பொறித்திருந்தால், "அசல் என்ஃபீல்டு!" என்று பரவசமடைந்து பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறார். நேயர்களே, அவசரம் வேண்டாம். முத்திரையைப் பார்ப்பது வேறு, படிப்பது வேறு.

பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் இடையே, இன்று பாகிஸ்தானத்தில் உள்ள தர்ரா ஆதம் கேல் என்னும் ஊரில், சென்ற பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே துப்பாக்கி செய்வது குடிசைத் தொழில். அசல் ஒன்றை எதிரே வைத்துக் கொண்டு, அரமும் சுத்தியலுமாக உட்கார்ந்து, அதைப் போலவே மற்றொன்றைச் செய்துவிடும் சாமர்த்தியம் அவ்வூர்க் கைவினைஞருக்கு உண்டு. 2001-ஆம் வருஷத்துக்குப் பின் ஆப்கானிஸ்தானத்துக்குச் சென்ற அமெரிக்கச் சிப்பாய்கள் பலர், இத்தகைய நகல்களைக் கடைத்தெருவில் ஞாபகப் பொருளாக வாங்கினார்கள். 1898-ஆம் வருஷம் வரையில் செய்யப்பட்ட துப்பாக்கியைப் புராதனப் பொருளாக அமெரிக்கச் சட்டம் கருதுகிறது. ஆகவே பழைய வருஷம் பொறித்த துப்பாக்கிக்குக் கிராக்கி ஏற்பட்டதில் ஆச்சரியமில்லை.

நகலைக் கண்டுகொள்வது எப்படி? ஆங்கிலம் அறியாத கைவினைஞருக்கு அந்த எழுத்துக்கள் வெறும் சித்திரமே. 'என்ஃபீல்டு' என்ற பெயரில் 'என்' என்னும் எழுத்து, கண்ணாடியில் கண்டது போல் திரும்பி நிற்கும்; அல்லது ஓரெழுத்து காணாமற் போயிருக்கும். பக்கத்துப் பையனின் சிலேட்டைப் பார்த்து எழுதும் மாணாக்கர்களிடம் நாம் தினமும் காண்கிற சங்கதிதான் இது.

எழுத்து சரியாக இருந்தால் சரித்திரத்தைக் கேட்க வேண்டும். விக்டோரியா மகாராணி 1901 ஜனவரியில் காலமானார். குட்டைக் குழல் கொண்ட லீ-என்ஃபீல்டு துப்பாக்கி பட்டாளத்துக்கென்று அங்கீகாரம் பெற்றதோ 1902 டிசம்பரில். அத்துப்பாக்கியில் மகாராணியின் 'வி. ஆர்.' என்ற எழுத்துக்கள் காணப்பட்டால், பெரும்பாலும் முத்திரையே தன் பொய்யை ஒப்புக்கொண்டு விடுகிறது.

ஆனால் விநோதமாகத் தோன்றுவதெல்லாம் போலி என்று தள்ளிவிடவும் கூடாது. பட்டாளத்துப் பட்டறைகளில் பழுது பார்த்த அசல் துப்பாக்கியில் முத்திரை மேல் முத்திரை விழுந்திருக்கும். போல்ட்டில் ஓர் எண்ணும் உடலில் வேறோர் எண்ணும் இருக்கும். 'டி. பி.' என்ற எழுத்துக்களைக் கண்டாலோ அதிக ஜாக்கிரதை தேவை. கவாத்துப் பழக மட்டுமே, சுடுவதற்கு அன்று என்பது அதன் பொருள். அசல் முத்திரையே அபாய அறிவிப்பாக அமைவதும் உண்டு!

இவ்வளவு விசாரணையும் எதற்கு? தொழிற்சாலையில் வழக்கத்தைவிட அதிக அழுத்தம் உண்டாக்கும் தோட்டாவை வைத்துச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கிய பிறகே சோதனைக் குறி இடுவார்கள். நகலில் அந்தக் குறி உண்டு, சோதனை கிடையாது. கிடைத்த இரும்பைக் கொண்டு செய்த போல்ட்டுக்குச் சரியான பதம் ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. சுடுகிறவரின் முகத்துக்கு வெகு அருகில் இருப்பது அந்த போல்ட்தான். அது இடங்கொடுத்துவிட்டால், தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து, கொதிக்கும் வாயு அவர் கண்ணை நோக்கிப் பாயும்.

கைவேலை என்ற முறையில் இந்த நகல்கள் பாராட்டத் தக்கவையே. அவற்றையே தேடிச் சேர்க்கும் ரசிகர்களும் இருக்கிறார்கள். அத்தகைய பொருளுக்கு அலங்காரப் பொருளின் விலையைக் கொடுக்கலாம். ஆயுதத்தின் விலையைக் கொடுக்கலாகாது. எழுத்தில் சந்தேகம் வந்தால், துப்பாக்கி வேலையில் தேர்ந்தவர் ஒருவர் அளவுக்கருவி கொண்டு பரிசோதிக்கும் வரையில், அதன் அருகே தோட்டாவையே கொண்டு போக வேண்டாம்.