தனித்து வளராத சந்தனம்

மைசூரு என்றதும் சந்தன மணம் நினைவிற்கு வரும். 1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது, ஐரோப்பாவிற்குச் செல்லவேண்டிய சந்தனக் கட்டைகள் இங்கே தேங்கின. மைசூர் அரசு மனம் தளரவில்லை. சந்தன எண்ணெய் வடிக்கும் ஆலையை நிறுவியது. பின்னர்ச் சந்தனச் சோப்பும் உருவாயிற்று. அரசின் முதலீடும் வேதியியலாரின் அறிவும் இணைந்ததன் பயன் அது.

ஆயினும், சந்தன மரம் வயிரம் பாய்வதற்குப் பல்லாண்டுகள் ஆகும். வெட்டிய அளவிற்கு மரங்கள் வளரவில்லை. காடுகளில் சந்தனம் அருகியது. தம் நிலத்து மரமும் அரசுக்கே உரியது என்றிருந்ததால் உழவர்கள் அதனை நடத் தயங்கினர். 2001இல்தான் கர்நாடகம் சட்டத்தைத் திருத்தி, அவர்களுக்கு மரத்தின்மீது உரிமை அளித்தது.

எனவே, பல்கலைக்கழகத்தில் தொழில்முனைவு பயிலும் மாணவர்கள் பல துறையினராய்க் கூடிச் செயல்திட்டம் வகுத்தல் வேண்டும். வேதியியல் மாணவர் எண்ணெயை ஆராயட்டும். தாவரவியல் மாணவர் மரத்தின் வளர்ச்சியை அளக்கட்டும். வணிகவியல் மாணவர் விலையைக் கணக்கிடட்டும். சட்ட மாணவர் உழவரின் உரிமையை எடுத்துரைக்கட்டும். பலர் கூடினால் கருத்து வேறுபாடு மிகும் என்பர். காடு அழிந்தபின் வருந்துவதினும் முன்னரே வாதிடுதல் நன்று.

சந்தன மரம் தன் வேர்களை அண்டைச் செடிகளின் வேர்களோடு இணைத்தே செழித்து வளர்கிறது. நிலைத்து நிற்கும் தொழிலுக்கும் அத்தகைய துணை வேண்டும்.