சுழலும் அழுகுணி ஆட்டமும்

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் ஒரு மாடி அறையில் டேபிள் டென்னிஸ் மேஜை கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போன என் பெண் அழுதுகொண்டே திரும்பி வந்தாள். "அப்பா, அந்த அண்ணா ஏமாத்தறான்." நானும் யோசிக்காமல், "இங்க எல்லாரும் அப்படித்தான். அழுகுணி ஆட்டம் ஆடறவங்களோட சேராதே" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது தப்பு. அதனால்தான் இந்தப் பதிவு.

அந்தப் பையன் செய்தது இதுதான். இரண்டு சர்வில் பந்தின் அடிப்பக்கத்தை வேகமாகச் சீவி, பின்சுழல் கொடுத்தான். இவள் தொட்டதும் பந்து வலையில் விழுந்தது. மூன்றாவது சர்வுக்கு இவள் பேட்டை மல்லாத்திப் பந்தைத் தூக்கத் தயாரானாள். அவன் அதே கைவீச்சில், மணிக்கட்டைச் சுழற்றாமல், சும்மா தள்ளிவிட்டான். சுழல் இல்லாத பந்து உயரே எழும்ப, அடித்து முடித்துவிட்டான்.

இது ஏமாற்றா? அஷ்வின் சொடக்கு பால் போட்டால் கைதட்டுகிறோம். முரளி தூஸ்ரா போட்டால் மட்டையாளர்தான் கையைப் பார்த்திருக்க வேண்டும் என்கிறோம். நம் பிள்ளை தோற்றால் மட்டும் அது கள்ளத்தனமா?

டேபிள் டென்னிஸ் விதிகள் இந்தக் கோட்டைத் தெளிவாகவே போட்டிருக்கின்றன. ஒரு காலத்தில் பேட்டின் இரு பக்கமும் ஒரே நிறத்தில் வெவ்வேறு குணமுள்ள ரப்பரை ஒட்டி, திருப்பித் திருப்பி ஆடினார்கள். எந்தப் பக்கம் பட்டது என்று எதிராளிக்குத் தெரியாது. 1986ல் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு என்று விதி வந்தது. சர்வ் போடும்போது கையாலும் உடம்பாலும் பந்தை மறைப்பதை 2002ல் தடுத்தார்கள். அதாவது, மறைக்காதே. ஆனால் கண்ணெதிரே காட்டிக்கொண்டே குழப்பு, அது உன் சாமர்த்தியம்.

2024 பிப்ரவரியில் பூசானில் நடந்த உலக அணிப் போட்டியில் நம் ஐஹிகா முகர்ஜி, உலகின் முதல்நிலை வீராங்கனை சுன் யிங்ஷாவை வென்றார். சுழலை மழுங்கடிக்கும் ரப்பர் அவர் பேட்டின் ஒரு பக்கத்தில் இருந்தது. ஒளித்து வைக்கவில்லை. நிறம் தெரிந்தும் சீன வீராங்கனையால் சமாளிக்க முடியவில்லை. அதை அழுகுணி ஆட்டம் என்று யாராவது சொல்வோமா?

என்னை உறுத்தியது விளையாட்டு மட்டுமில்லை. 'இங்க எல்லாரும் அப்படித்தான்' என்ற வார்த்தை. வெளியூரில் பிழைக்கிற நமக்கு இது ரொம்ப வசதியான வார்த்தை. பிள்ளை தோற்றால் ஊர்மேல் பழி, நமக்குப் புரியாவிட்டாலும் ஊர்மேல் பழி. நாளைக்கு பள்ளியிலும் வேலையிலும் அவள் இதையேதான் சொல்வாள். சொல்லிக் கொடுத்தது நான்.

செவ்வாய்க்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போய், அந்தப் பையனிடமே "எப்படிப்பா போடறே?" என்று கேட்டேன். மெதுவாகப் போட்டுக் காட்டினான். "கையைப் பார்க்காதே, பேட் பந்தைத் தொடற இடத்தைப் பாரு. பந்து மேல எழுதியிருக்கிறது சுத்துதான்னு பாரு" என்று மலையாளத்தில் சொன்னான். அன்றைக்கும் இவள் தோற்றாள். ஆனால் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் சுவரில் பந்தைச் சீவிச் சீவி என் உயிரை எடுக்கிறாள் :-)

பிள்ளைகளுக்கு மறைக்கக் கூடாது என்று கற்றுக் கொடுப்போம். கூடவே, எதிராளி கண்ணெதிரே காட்டுவதைப் பார்க்கவும் கற்றுக் கொடுப்போம். இரண்டாவதை நான் மறந்திருந்தேன்.